வேலியின் இரு பக்கமும்: ஒகினாவா குறித்து வாசகர் கேள்விகள்

கணவரின் படைப்பணியை ஒட்டி ஜப்பானின் ஒகினாவா தீவில் நாங்கள் வாழ்ந்த ஆறு ஆண்டுகளைப் பற்றிச் சென்ற இதழில் சில பத்திகள் எழுதியிருந்தேன். அதைப் படித்தவர்களில் பலர், அங்கே போகவிருக்கும் அல்லது ஏற்கெனவே போய்விட்ட படைக் குடும்பங்களைச் சேர்ந்தவர்கள் என்பதை வந்த கடிதங்களிலிருந்து தெரிந்துகொண்டேன். அவற்றுள் ஏழு கேள்விகளுக்கு இங்கே பதில் எழுதுகிறேன்.

என் கணவர் அமெரிக்க மரைன் படையில் இருக்கிறார். அடுத்த கோடையில் மூன்று ஆண்டுகளுக்கு ஒகினாவாவுக்கு மாற்றல் வந்திருக்கிறது. மகளுக்கு ஒன்பது வயது. மகனுக்கு நான்கு வயது. மகனுக்குப் பேச்சுப் பயிற்சி நடந்துகொண்டிருக்கிறது. எங்கே குடியிருப்போம், அன்றாட வாழ்க்கை எப்படி இருக்கும் என்று எழுத முடியுமா?
— வாசகி, சான் டியேகோ

நீங்கள் கடைசியில் சேர்த்திருக்கும் செய்தியைத்தான் நான் முதலில் எடுத்துக்கொள்ள வேண்டும். குடும்பத்தோடு வெளிநாட்டுப் பணிக்குச் செல்வதற்கு முன்னால் ஒவ்வொருவருக்கும் மருத்துவச் சோதனை உண்டு. சிறப்புத் தேவை உள்ள பிள்ளைகள் அதற்கென இருக்கும் திட்டத்தில் பதிவு செய்யப்பட்டிருக்க வேண்டும். பேச்சுப் பயிற்சி சிறிய விஷயம் என்று நினைத்து அதைச் சொல்லாமல் விட்டுவிடாதீர்கள். மகனுக்குத் தேவையான பயிற்சியாளர் தீவில் இருக்கிறாரா என்பதைப் புறப்படுவதற்கு முன்பே உறுதிசெய்வதற்காகத்தான் அந்தச் சோதனை நடக்கிறது. மறைத்துவிட்டு வந்து இறங்கிய பிறகு பயிற்சிக்கு இடம் கிடைக்காமல், தாயும் பிள்ளையும் பாதியில் திரும்பிப் போன குடும்பத்தை நான் பார்த்திருக்கிறேன். கேம்ப் ஃபாஸ்டரில் இருக்கும் கடற்படை மருத்துவமனை பெரியது, நல்லது. ஆனாலும் எல்லாச் சிறப்புச் சிகிச்சையும் அங்கே இல்லை. சிலரை ஜப்பானிய மருத்துவமனைகளுக்கும், சிலரை ஹவாய்க்கும் அனுப்புவார்கள்.

குடியிருப்பைப் பொறுத்தவரை, நீங்கள் எந்தப் படையைச் சேர்ந்தவராக இருந்தாலும் தளத்துக்குள் இருக்கும் குடும்ப வீடுகளை ஒதுக்குவது கடேனா விமானப்படைத் தளத்தின் வீட்டுவசதிப் பிரிவுதான். அடுக்குமாடிகளும் உண்டு, சிறு தோட்டத்தோடு கூடிய வரிசை வீடுகளும் உண்டு. வெளியே வாடகைக்கு எடுத்தால் அதற்குத் தனி வீட்டுப்படி கிடைக்கும். வாடகையை யென்னில் செலுத்த வேண்டும். எந்தப் பக்கம் குடியிருந்தாலும் சுவர் கான்கிரீட்தான், ஏனெனில் புயலைத் தாங்க வேண்டும். அந்தச் சுவர் ஈரத்தையும் பிடித்து வைத்துக்கொள்ளும். மே மாதத்தில் தொடங்கும் மழைக்காலத்தில் அலமாரியில் மடித்து வைத்த பட்டுப் புடவையின் மீது பூஞ்சை படர்ந்திருந்ததைக் கண்டு நான் அழுதிருக்கிறேன். ஈரப்பதம் உறிஞ்சும் கருவி ஒன்றை வாங்கி, ஒவ்வொரு நாளும் அதன் தொட்டி நீரைக் கொட்டுவதை வீட்டுவேலைகளில் ஒன்றாக்கிக்கொள்ளுங்கள். விலையுயர்ந்த துணிகளையும் பழைய புகைப்படங்களையும் ஊரிலேயே விட்டுச் செல்வது நல்லது. மேசை, நாற்காலி, கட்டில் போன்றவை தளத்தில் இரவலாகக் கிடைக்கும்.

மகளுக்குத் தளத்திலேயே அமெரிக்கப் பாதுகாப்புத் துறையின் பள்ளி இருக்கிறது. பாடத்திட்டம் அமெரிக்கப் பாடத்திட்டம்தான். கமிசரியில் டாலருக்குக் காய்கறி வாங்கலாம், எக்ஸ்சேஞ்சில் துணி வாங்கலாம், அமெரிக்க அஞ்சல் முகவரியே உங்களுக்குத் தொடரும். ஆகவே மூன்று ஆண்டுகளும் வேலிக்குள்ளேயே வாழ்ந்துவிட முடியும், அப்படி வாழ்பவர்களும் இருக்கிறார்கள். நீங்கள் அப்படிச் செய்யக் கூடாது என்பதுதான் இந்தப் பக்கத்தில் நான் திரும்பத் திரும்பச் சொல்லப்போவது. முதல் வாரத்திலேயே பிள்ளைகளை அழைத்துக்கொண்டு வெளியே இருக்கும் ஒரு சிறு காய்கறிக் கடைக்குப் போங்கள். அங்கே பாகற்காய் குவிந்திருக்கும். அவர்கள் அதைக் கோயா என்பார்கள். அதைத் தோஃபுவோடும் முட்டையோடும் வதக்கினால் அது அவர்களுடைய சம்புரு. இரண்டு ஊருக்கும் பொதுவான கசப்பு அது. பேச மொழி இல்லாத நேரத்தில், அந்தக் காயைக் கையில் எடுத்து எப்படிச் சமைப்பது என்று சைகையில் கேட்டுத்தான் எனக்கு முதல் தோழி கிடைத்தார்.

எங்கள் நாயையும் அழைத்துச் செல்ல விரும்புகிறோம். நான்கு மாதத்தில் புறப்பட வேண்டும். போதுமா?
— வாசகர், நார்ஃபோக்

போதாது என்றுதான் சொல்ல வேண்டியிருக்கிறது. ஜப்பான் வெறிநாய்க்கடி நோய் இல்லாத நாடு. அதை அப்படியே காப்பாற்ற மிகக் கண்டிப்பாக இருக்கிறார்கள். முதலில் மைக்ரோசிப், அதற்குப் பின் இரண்டு தடுப்பூசிகள், பிறகு இரத்தப் பரிசோதனை என்பது வரிசை. இரத்தம் எடுத்த நாளிலிருந்து 180 நாட்கள் காத்திருக்க வேண்டும். வந்து சேர்வதற்குக் குறைந்தது 40 நாட்களுக்கு முன்பே விலங்குத் தனிமைப்படுத்தல் அலுவலகத்துக்கு அறிவிக்கவும் வேண்டும். காத்திருப்புக் காலம் முடியாமல் வந்தால் மீதி நாட்களை நாய் தனிமையில் கழிக்க நேரும். இன்றே கால்நடை மருத்துவரிடம் செல்லுங்கள். நாள் போதவில்லையென்றால், அது முடியும்வரை உறவினர் எவரிடமாவது விட்டுவிட்டுப் பிறகு வரவழைத்துக்கொள்வதே அந்த உயிருக்குச் செய்யும் நன்மை.

வந்து இரண்டு வாரம் ஆகிறது. இடப்பக்கம் கார் ஓட்டவே பயமாக இருக்கிறது. கணவர் இல்லாத நேரங்களில் வீட்டிலேயே அடைந்து கிடக்கிறேன்.
— வாசகி, ஒகினாவா

உங்களைப் போலவே இந்தத் தீவு முழுவதும் ஒரு காலத்தில் பயந்தது என்று சொன்னால் சற்று ஆறுதலாக இருக்கும். போருக்குப் பிறகு அமெரிக்க நிர்வாகத்தில் இருந்ததால் ஒகினாவாவில் வண்டிகள் வலப்பக்கமே ஓடின. 1972 மே 15 அன்று தீவு ஜப்பானுக்குத் திரும்பிய பின்னரும் ஆறு ஆண்டுகள் அப்படியே தொடர்ந்து, 1978 ஜூலை 30 காலையில் ஒரே நாளில் எல்லாச் சாலைகளும் இடப்பக்கத்துக்கு மாறின. அந்த நாளை 730 என்று இன்றும் குறிப்பிடுகிறார்கள். தீவே ஓர் இரவில் கற்றுக்கொண்டதை நீங்கள் ஒரு மாதத்தில் கற்றுக்கொள்வீர்கள்.

தளத்தில் வகுப்பும் எழுத்துத் தேர்வும் முடிந்ததும், படைகளின் நிலை குறித்த ஒப்பந்தத்தின்படி உங்களுக்கு ஓர் உரிமம் தருவார்கள்; அதை சோஃபா உரிமம் என்பது வழக்கம். ஞாயிற்றுக்கிழமை காலையில், தளத்துக்குள்ளேயே, பக்கத்தில் ஒருவரை அமர்த்திக்கொண்டு ஓட்டிப் பழகுங்கள். திருப்பங்களில்தான் கை பழைய பக்கத்துக்கு இழுக்கும். ஓட்டுநர் இருக்கை எப்போதும் சாலையின் நடுக்கோட்டுப் பக்கம் இருக்க வேண்டும் என்பதை மட்டும் மனத்தில் வைத்துக்கொண்டால் போதும். வேகம் இங்கே குறைவு. விரைவுச்சாலையிலும் மணிக்கு 80 கிலோமீட்டர்தான். மழை பெய்தால் அதையும் குறையுங்கள், ஏனெனில் பவளச் சுண்ணாம்புக்கல் கலந்த இந்தச் சாலைகள் ஈரத்தில் வழுக்கும். காலையில் 58ஆம் எண் நெடுஞ்சாலையில் தள வாயில்களுக்கு முன்னால் வண்டிகள் நகரவே நகராது, நேரம் ஒதுக்கிக்கொள்ளுங்கள்.

ஒன்றை மட்டும் கண்டிப்பாகச் சொல்கிறேன். இரத்தத்தில் 0.03 விழுக்காடு மது இருந்தாலே ஜப்பானில் குற்றம். அமெரிக்காவின் பெரும்பாலான மாநிலங்களில் இருக்கும் 0.08 என்ற அளவை மறந்துவிட வேண்டும். ஓட்டியவர் குடித்திருக்கிறார் என்று தெரிந்தே உடன் சென்றவருக்கும், மது கொடுத்தவருக்கும், கார் கொடுத்தவருக்கும்கூடத் தண்டனை உண்டு. உங்கள் காரின் எண்பலகையில் இருக்கும் ஒய் என்ற எழுத்து, நீங்கள் யார் என்பதைச் சாலையில் எல்லோருக்கும் சொல்லிக்கொண்டே செல்கிறது.

அம்மா, என் மகளும் மருமகனும் கடேனாவில் இருக்கிறார்கள். 2023 ஆகஸ்டில் கானுன் புயலின்போது இரண்டு நாட்கள் அவர்களோடு பேசவே முடியவில்லை. அந்த நடுக்கம் இன்னும் போகவில்லை. ஒவ்வோர் ஆண்டும் இப்படித்தானா?
— ஒரு தந்தை

ஐயா, உங்கள் நடுக்கம் எனக்குப் புரிகிறது. கானுன் வழக்கமான புயல் அன்று. தீவைக் கடந்து மேற்கே போய், பிறகு திரும்பி வந்து மீண்டும் ஒருமுறை தாக்கியது. இரண்டு லட்சத்துக்கும் மேற்பட்ட வீடுகளில் மின்சாரம் நின்றது. தொலைபேசி ஓய்ந்ததற்கு அதுவே காரணமாக இருந்திருக்கும்.

புயல்கள் ஒவ்வோர் ஆண்டும் வரும். ஆனால் அவை சொல்லிக்கொண்டுதான் வரும். தளங்களில் அதற்கென்று படிப்படியான எச்சரிக்கை முறை இருக்கிறது. ஜூன் 1 முதல் நவம்பர் 30 வரை எப்போதும் நான்காம் நிலையில் இருப்பார்கள். மணிக்கு சுமார் 93 கிலோமீட்டருக்கு மேல் காற்று வீசக்கூடும் என்றால், அதற்கு 48 மணி நேரம் முன்பாக மூன்றாம் நிலை, 24 மணி நேரம் முன்பாக இரண்டாம் நிலை, 12 மணி நேரம் முன்பாக முதல் நிலை அறிவிக்கப்படும். மூன்றாம் நிலையில் உங்கள் மகள் வீட்டு முற்றத்திலுள்ள பூந்தொட்டி, மிதிவண்டி எல்லாவற்றையும் உள்ளே எடுத்து வைத்திருப்பார்; குளியல் தொட்டியில் நீர் நிரப்பியிருப்பார். முதல் நிலைக்குப் பிறகு வரும் அவசரநிலையில் வெளியே ஒருவரும் நடமாடக் கூடாது. அதன் பிறகு, கட்டுமானக் குழுக்கள் சுற்றிப் பார்த்து அறுந்த கம்பிகளை அகற்றி முடித்து, எல்லாம் சரி என்று அறிவிக்கும்வரை உள்ளேதான் இருக்க வேண்டும். காற்று ஓய்ந்த பின்னும் அவர்கள் பதில் தராமல் இருப்பது அதனாலும் இருக்கலாம்.

புயல் வருகிறது என்று தெரிந்தவுடன் மகள் உங்களுக்கு ஒரு செய்தி அனுப்பட்டும்: "மூன்றாம் நிலை வந்துவிட்டது, தண்ணீர் இருக்கிறது, இனி இரண்டு நாள் பேசாவிட்டால் கவலைப்படாதீர்கள்" என்று. என் தாயாருக்கு நான் இதைத்தான் செய்தேன். பேச்சு நிற்பதற்கு முன்பே அது நிற்கும் என்று சொல்லிவிட்டால் காத்திருப்பவரின் சுமை பாதியாகக் குறைகிறது. அந்தக் கான்கிரீட் வீடுகள் உறுதியானவை, ஐயா.

நான் கணக்காளர். தீவில் எனக்கு வேலை கிடைக்குமா? இப்போதிருக்கும் நிறுவனத்துக்கே அங்கிருந்து இணையம் வழியாக வேலை செய்யலாமா?
— வாசகி, டெக்சாஸ்

தளத்துக்குள் இருக்கும் அரசுப் பணிகளில் படைவீரர்களின் துணைவர்களுக்கு முன்னுரிமை உண்டு. ஆனால் இடங்கள் குறைவு, காத்திருப்பு நீளம். உங்களைப் போன்றவர்கள் பலர் பள்ளிகளில் மாற்று ஆசிரியர்களாகவும், வெளியே ஆங்கிலம் சொல்லிக்கொடுப்பவர்களாகவும் காலம் கடத்துகிறார்கள். இணையவழிப் பணி எளிதாகத் தோன்றும். ஆனால் ஒப்பந்தத்தின் கீழ் உங்கள் தகுதிநிலை, ஜப்பானிய வரி, உங்கள் நிறுவனத்தின் பொறுப்பு ஆகிய மூன்றும் அதில் சிக்கிக்கொள்கின்றன. தளத்தின் சட்ட உதவி அலுவலகத்தில் எழுத்து வடிவில் கேட்டுத் தெளிந்த பிறகே ஒப்புக்கொள்ளுங்கள். படித்த பெண்கள் மூன்று மூன்று ஆண்டுகளாகத் தங்கள் தொழிலை இழந்துகொண்டே போவது படைக் குடும்ப வாழ்க்கையின் பெரிய இழப்பு என்று நான் கருதுகிறேன். அதைத் தியாகம் என்று பெயரிட்டு மூடிவிடக் கூடாது.

கணவரின் பிரிவு அடிக்கடி கப்பலில் போய்விடுகிறது. ஐந்து மாதக் கர்ப்பமாக இருக்கிறேன். குழந்தை இங்கே பிறந்தால் ஜப்பானியக் குடியுரிமை ஆகிவிடுமா? தனியாக எப்படிச் சமாளிப்பது என்று தெரியவில்லை.
— வாசகி, ஒகினாவா

குடியுரிமையைப் பற்றிக் கவலை வேண்டாம். பிறந்த இடத்தைக் கொண்டு ஜப்பான் குடியுரிமை தருவதில்லை. குழந்தை பிறந்ததும், ஒகினாவாவின் தலைநகரான நாஹாவுக்கான அமெரிக்கத் துணைத் தூதரகத்தில் வெளிநாட்டுப் பிறப்பைப் பதிவு செய்து, கடவுச்சீட்டும் பெற்றுக்கொள்ள வேண்டும். அந்தத் தூதரகம் இருப்பது நாஹாவை ஒட்டிய உராசோயே நகரில்.

தனிமையைப் பற்றித்தான் நான் அதிகம் எழுத விரும்புகிறேன். ஒகினாவாவைத் தளமாகக் கொண்ட 31ஆம் மரைன் பிரிவு ஜப்பானின் சசேபோ துறைமுகத்திலிருந்து வரும் கப்பல்களில் மாதக்கணக்காகக் கடலில் இருக்கும். அதில் உங்கள் கணவரும் இருக்கிறார் என்று ஊகிக்கிறேன். அவர் கிளம்புவதற்கு முன்பே உங்கள் பெயருக்கு அதிகாரப் பத்திரம் எழுதி வாங்கிவிடுங்கள். அது இல்லாமல் காரை விற்கவோ, வீட்டை மாற்றவோ, சில வங்கி வேலைகளைச் செய்யவோ முடியாது. என்னிடம் அது இல்லாத ஆண்டில், காரின் இரண்டாண்டுச் சோதனை முடிந்துபோய், அதை வெளியே எடுக்க முடியாமல் ஏழு வாரம் நடந்தேன்.

மனம் சோர்ந்துபோனால், தளத்தில் இருக்கும் குடும்ப ஆலோசகர்களிடம் பேசுங்கள். அவர்கள் குறிப்பு எழுதிப் பதிவு செய்வதில்லை, உங்கள் கணவரின் அதிகாரிக்குச் சொல்வதுமில்லை; தன் உயிருக்கோ பிறர் உயிருக்கோ ஆபத்து, வீட்டு வன்முறை, குழந்தைக் கொடுமை போன்றவை மட்டுமே விதிவிலக்கு. இந்தியாவிலிருக்கும் அம்மாவுக்கு அழைப்பதற்கு நேரமும் ஒத்துவரும். ஜப்பான் மூன்றரை மணி நேரம்தான் முன்னே. அமெரிக்கக் கிழக்குக் கரையில் இருப்பவர்களோடு பேசத்தான் பகலும் இரவும் புரண்டு கிடக்கும்.

ஒகினாவா மக்களிடம் மோஆய் என்றொரு வழக்கம் இருக்கிறது. நம் சீட்டைப் போன்றதுதான்: பத்துப் பேர் மாதம் ஒருமுறை கூடி, ஆளுக்குக் கொஞ்சம் பணம் போட்டு, ஒவ்வொரு மாதமும் ஒருவர் எடுத்துக்கொள்வார். பணத்தைவிட அப்படிக் கூடிச் சந்திப்பதுதான் முக்கியம். ஒருவர் வராவிட்டால் மற்றவர்கள் தேடி வருவார்கள். எங்கள் குடியிருப்பில் ஆறு பெண்கள் சேர்ந்து, பணம் இல்லாமல், இந்த முறையில் ஒன்றைத் தொடங்கினோம். மாதம் ஒருமுறை ஒருவர் வீட்டில் சாப்பாடு. வராதவரின் கதவைத் தட்டுவது மற்றவர்களின் கடமை. நான் காய்ச்சலில் படுத்திருந்த நாளில் என் கதவைத் தட்டியவர் இன்றும் எனக்குக் கடிதம் எழுதுகிறார். பிரசவத்துக்கு இன்னும் நான்கு மாதம் இருக்கிறது. உங்கள் கதவைத் தட்டக்கூடிய ஐந்து பேரைக் கண்டுபிடிக்க அது போதுமான காலம்.

பதினான்கு வயது மகன் நேற்று ஒரு தள வாயிலில் எதிர்ப்புப் பதாகைகளோடு முதியவர்கள் அமர்ந்திருப்பதைப் பார்த்துவிட்டு, "அம்மா, இவர்கள் நம்மை வெறுக்கிறார்களா?" என்று கேட்டான். எனக்குப் பதில் சொல்லத் தெரியவில்லை.
— வாசகி, ஒகினாவா

இந்தக் கேள்வியை மகன் கேட்டது உங்களுக்குப் பெருமை. அவசரமாக "இல்லை" என்று சொல்லி மூடிவிடாதீர்கள். பதினான்கு வயதில் உண்மையைத் தாங்க முடியும்.

1945 ஏப்ரல் 1 அன்று அமெரிக்கப் படை ஒகினாவாவின் முதன்மைத் தீவில் இறங்கியதிலிருந்து தொடங்குங்கள். ஏறத்தாழ மூன்று மாதம் நடந்த அந்தப் போரில், தீவு மக்களில் நால்வரில் ஒருவர் இறந்தார் என்று கணக்கிடுகிறார்கள். ஜப்பானியப் படையும் அவர்களைக் காக்கவில்லை; குகைகளிலிருந்து துரத்தியது, பலரைத் தற்கொலைக்குத் தள்ளியது. உயிர் பிழைத்தவர்கள் முகாம்களிலிருந்து ஊருக்குத் திரும்பியபோது, பல ஊர்கள் வேலிக்குள் போயிருந்தன. நீங்கள் குடியிருக்கும் வீட்டின் அடியிலும் ஒரு கிராமத்தின் வயல் இருந்திருக்கக்கூடும். இன்றும் வசந்த காலத்தில், ஷீமி என்னும் மூதாதையர் வழிபாட்டு நாளில், தளங்களுக்குள் இருக்கும் குடும்பக் கல்லறைகளுக்கு அனுமதி பெற்று உள்ளே வருகிறார்கள். உணவுக் கூடையோடு காவலர் முன் வரிசையில் நிற்கும் ஒரு பாட்டியை மகன் பார்த்தால், எந்தப் புத்தகமும் சொல்லாததை அது சொல்லும்.

பிறகு எண்களைச் சொல்லுங்கள். ஜப்பானின் நிலப்பரப்பில் ஒகினாவா 0.6 விழுக்காடு. அந்நாட்டில் அமெரிக்கப் படைகளுக்கு மட்டுமென ஒதுக்கப்பட்ட நிலத்தில் சுமார் 70 விழுக்காடு இங்கே இருக்கிறது. 1959இல் மியாமோரி தொடக்கப்பள்ளி மீது போர் விமானம் விழுந்து பிள்ளைகள் இறந்தார்கள். 1995இல் மூன்று படைவீரர்கள் பன்னிரண்டு வயதுச் சிறுமிக்குக் கொடுமை இழைத்தபோது பல்லாயிரம் பேர் கினோவான் நகரில் திரண்டார்கள். 2004இல் மரைன் படையின் ஃபுடென்மா விமானத் தளத்தை ஒட்டிய பல்கலைக்கழகத்தில் ஹெலிகாப்டர் விழுந்தது. 2017இல் தொடக்கப்பள்ளித் திடலில் ஹெலிகாப்டரின் சன்னல் விழுந்தது. 2016இல் கடேனாவைச் சுற்றியுள்ள நீரில் பிஃபாஸ் எனப்படும், எளிதில் சிதையாத நச்சு வேதிப்பொருள் இருப்பதாக மாகாண அரசு அறிவித்தது. குடிநீர் என்பதால் அது வேலிக்கு உள்ளே இருக்கும் உங்கள் பிள்ளையின் கவலையும்தான். ஃபுடென்மாவுக்கு மாற்றாக ஹெனோகோவில் கடலைத் தூர்த்துப் புதிய தளம் கட்டுவதை, 2019 பிப்ரவரி வாக்கெடுப்பில் வாக்களித்தவர்களில் 70 விழுக்காட்டுக்கும் மேலானோர் எதிர்த்தார்கள். கட்டுமானம் நிற்கவில்லை. அந்த முதியவர்கள் வாயிலில் அமர்ந்திருப்பதற்குக் காரணம் இவைதான்.

இவ்வளவையும் சொன்ன பிறகு, மகனின் கேள்விக்கு என் அனுபவத்திலிருந்து பதில் சொல்கிறேன். அவர்கள் தளத்தை எதிர்க்கிறார்கள். உங்கள் மகனை வெறுக்கவில்லை. பதாகை பிடித்திருந்த ஒரு பெரியவர், அன்று மாலையே என் மகளின் அறுந்த செருப்பைத் தம் கடையில் தைத்துத் தந்து காசு வாங்க மறுத்தார். அந்த அன்பை வைத்துக்கொண்டு "பார், அவர்களுக்கு நம்மீது கோபமே இல்லை" என்று மகனிடம் சொல்லிவிடக் கூடாது என்பதே என் எண்ணம். அவருக்குக் கோபம் இருந்தது. அதைக் குழந்தை மீது காட்டவில்லை என்பது அவருடைய பெருந்தன்மை. அதை நம்முடைய உரிமையாக எடுத்துக்கொள்ள முடியாது.

நடைமுறையில் சில செய்யலாம். வாயிலைக் கடக்கும்போது காரின் கண்ணாடியை ஏற்றிக்கொண்டு முகத்தைத் திருப்பாமல், தலையைச் சற்றுத் தாழ்த்தி வணங்கிச் செல்லப் பழக்குங்கள். கிண்டலோ, கைபேசியில் படம் எடுப்பதோ கூடவே கூடாது. தீவின் சொந்த மொழியில் ஆண்கள் "ஹாய்சாய்" என்றும் பெண்கள் "ஹாய்தாய்" என்றும் வணக்கம் சொல்வார்கள். நன்றிக்கு "நிஃபே தேபிரு". ஜப்பானிய மொழியில் சொல்வதைவிட இதைச் சொன்னால் முகம் மலர்வதை மகன் பார்ப்பான். கடேனாவில் 2000ஆம் ஆண்டிலிருந்து தீவின் சிறப்புத் திறனாளிகளுக்காக நடக்கும் விளையாட்டு விழாவில் அவன் வயதுப் பிள்ளைகள் தொண்டர்களாக உதவலாம். என் மகள் முதன்முதலாக ஒகினாவாத் தோழியைப் பெற்றது அங்கேதான்.

ஜூன் 23 அன்று தளம் வழக்கம்போல இயங்கும். வேலிக்கு வெளியே அது போரில் இறந்தோரை நினைக்கும் நாள், மாகாணத்துக்கே விடுமுறை. அன்றோ அதற்கு அடுத்த வாரமோ, மகனை இட்டோமானிலுள்ள மபுனி குன்றுக்கு அழைத்துச் செல்லுங்கள். அங்கே கடலை நோக்கி அலை அலையாக விரியும் கருங்கற்சுவர்களில் இறந்தவர்களின் பெயர்கள் பொறிக்கப்பட்டிருக்கின்றன. நாடு பார்க்காமல், படைவீரர், பொதுமக்கள் என்று பிரிக்காமல், 2,40,000க்கும் மேற்பட்ட பெயர்கள். அவற்றுள் 14,000க்கும் மேற்பட்டவை அமெரிக்கப் பெயர்கள். அந்தத் தீவு மக்கள் அவர்களுக்கும் கல்லில் இடம் கொடுத்திருக்கிறார்கள். பெயர்களுக்கு முன்னால் குடும்பங்கள் பூவும் தண்ணீரும் வைத்து அமர்ந்திருப்பார்கள். குரலைத் தாழ்த்தி, அவர்களைச் சுற்றி நடங்கள். ஜூன் 23 அன்று போனால், நண்பகல் 12 மணிக்கு ஒரு நிமிடம் எல்லோரும் அசையாமல் நிற்பார்கள். ஜூன் வெயில் அங்கே கடுமையாக இருக்கும், நிழல் குறைவு. தொப்பியும் தண்ணீரும் எடுத்துச் செல்லுங்கள், காலையிலேயே கிளம்பிவிடுங்கள்.